பருவுக்கும் சொட்டைக்கும் ஹார்மோனைத் தடுக்கும் கிரீம்: எப்படிச் சோதித்தார்கள்? யார் பூசலாம், யார் பூசக்கூடாது?

"அண்ணே, முகத்துல ஒரே பரு. நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க."

பரங்கிப்பேட்டை கடைத்தெருவில் ஆகட்டும், சிதம்பரம், கடலூர் மெடிக்கல் கடைகளில் ஆகட்டும், அன்றாடம் கேட்கும் குரல்தான் இது. இப்போது இதோடு புதிதாக ஒரு வார்த்தையும் சேர்ந்திருக்கிறது: 'ஹார்மோன் பிளாக்கர் கிரீம்'. போனில் ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகள், "மாத்திரை வேண்டாம், பூசினாலே போதும், ஹார்மோனையே நிறுத்திடும்" என்ற பேச்சைக் கேட்டுவிட்டு அதைத் தேடுகிறார்கள். முடி கொட்டுகிற கவலையில் இருக்கும் இளைஞர்கள் அதே வகையில் ஒரு ஸ்பிரேயைத் தேடுகிறார்கள்.

இப்படி ஒரு மருந்து உண்மையிலேயே இருக்கிறதா? இருக்கிறது. அது வேலை செய்கிறதா? ஓரளவு செய்கிறது. அந்த 'ஓரளவு' எவ்வளவு, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், பூசும் மருந்து ரத்தத்தில் கலக்குமா, கலக்காதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பருவுக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

நம் தோலில், குறிப்பாக முகம், நெற்றி, முதுகு ஆகிய இடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். இவற்றை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள். 'ஆண் ஹார்மோன்' என்று சொன்னாலும் பெண்கள் உடலிலும் இது குறைந்த அளவில் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தோலில் டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான வடிவமாக மாறுகிறது. அது எண்ணெய்ச் சுரப்பியில் இருக்கும் 'ஏற்பி'யில் போய் உட்கார்கிறது. பூட்டில் சாவி நுழைகிற மாதிரி.

சாவி திரும்பியதும் எண்ணெய் அதிகம் சுரக்கிறது. துளை அடைத்துக்கொள்கிறது. அதில் கிருமி பெருகி வீக்கம் வருகிறது. அதுதான் பரு. 13, 14 வயதில் பரு கிளம்புவதற்குக் காரணம் இதுதான். சாப்பிட்ட சிப்ஸ் மட்டும் காரணம் இல்லை.

அதே டி.எச்.டி., தலையின் முன்பக்கத்திலும் உச்சியிலும் உள்ள முடி வேர்களைப் பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு மெல்ல மெல்லச் சுருக்கிவிடுகிறது. அதுதான் ஆண்களுக்கு வரும் வழுக்கை. 1942-லேயே அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதைக் காட்டினார். இளம் வயதிலேயே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களில் பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது முடி கொட்டத் தொடங்கியது.

ஆக, முகத்தில் பரு, தலையில் சொட்டை, பெண்களுக்கு முகத்தில் தேவையில்லாத முடி என்று மூன்று பிரச்சினைகளிலும் பின்னால் நிற்பது ஒரே ஹார்மோன் கூட்டம்தான்.

மாத்திரைதான் இருக்கிறதே, கிரீம் எதற்கு?

ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் ஏற்கெனவே உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரையை, பரு உள்ள வயது வந்த பெண்களுக்கு டாக்டர்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறார்கள். பிரிட்டனில் 410 பெண்களிடம் அதைச் சோதித்து, பலன் இருக்கிறது என்று 2023-ல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். ஆண்கள் சாப்பிட்டால் மார்பு பெருக்கலாம், பாலியல் நாட்டம் குறையலாம். கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதனால் பருவில் தவிக்கும் பையன்களுக்கு இந்த வழியே அடைபட்டிருந்தது.

அப்படியானால் பரு இருக்கும் இடத்தில் மட்டும் சாவித்துவாரத்தை அடைத்துவிட்டால்? மற்ற இடங்களில் ஹார்மோன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகட்டும். இதுதான் 'பூசும் ஹார்மோன் தடுப்பான்' என்ற யோசனை. கேட்க எளிது. செய்து காட்டப் பல பத்தாண்டுகள் ஆகின.

எலி மாதிரி ஒரு பிராணியும் ஒரு கெட்டிக்கார சோதனையும்

ஒரு கிரீம் பூசிய இடத்தில் மட்டும் வேலை செய்கிறதா, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வாளர்கள் ஹாம்ஸ்டர் என்ற, எலி போன்ற சின்னப் பிராணியைப் பயன்படுத்தினார்கள். அதன் இரண்டு விலாப்புறத்திலும் ஆண்ட்ரோஜனுக்கு வளரும் எண்ணெய்ச் சுரப்பித் திட்டு ஒன்று உண்டு. மருந்தை ஒரு பக்கத் திட்டில் மட்டும் பூசுவார்கள். அந்தப் பக்கம் மட்டும் சுருங்கினால், மருந்து உள்ளூரிலேயே வேலை செய்கிறது. பூசாத பக்கமும் சேர்ந்து சுருங்கினால், மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. அவ்வளவுதான். வலது பக்கத்துக்கு இடது பக்கமே சாட்சி.

இந்தச் சோதனையில் தேறிய மருந்துகள் எல்லாம் மனிதரிடம் தேறவில்லை. இனோகோடெரோன் என்ற பூசும் மருந்தை அமெரிக்காவில் பரு உள்ள ஆண்களிடம் சோதித்து 1992-ல் முடிவு வெளியிட்டார்கள். வீங்கிய பருக்கள் கொஞ்சம் குறைந்தன. எண்ணெய்ச் சுரப்பு குறையவில்லை. அந்த மருந்து மெடிக்கல் கடை அலமாரி வரை வரவே இல்லை.

காரணம் என்ன? தோல் ஒரு சுவர். மருந்து அந்தச் சுவரைத் தாண்டி எண்ணெய்ச் சுரப்பி வரை இறங்க வேண்டும். இறங்கிய பிறகு ரத்தத்துக்குள் தாவக் கூடாது, தாவினாலும் சீக்கிரம் செயலிழந்துவிட வேண்டும். 'உள்ளே போ, ஆனால் ரொம்ப உள்ளே போகாதே' என்று மருந்திடம் கேட்கும் வேலை இது.

கடைசியில் தேறியது எது?

அதன் பெயர் கிளாஸ்கோடெரோன். 1 சதவீத கிரீம். 'வின்லெவி' என்ற பெயரில் விற்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களின் பருவுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஆகஸ்டில் இதற்கு அனுமதி கொடுத்தது. 1982-ல் ஐசோட்ரெடினாயின் மாத்திரை வந்த பிறகு, பருவைப் புதிய வழியில் தாக்கும் முதல் மருந்து என்று இதைச் சொன்னார்கள். இந்திய நிறுவனமான சன் ஃபார்மா, அமெரிக்காவிலும் கனடாவிலும் இதை விற்கும் உரிமையை 2021-ல் வாங்கியது.

இதன் சூட்சுமம் இரண்டு. ஒன்று, உருவத்தில் இது டி.எச்.டி. மாதிரியே இருக்கும். அதனால் ஏற்பியில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். ஆனால் பூட்டைத் திறக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. இரண்டு, ரத்தத்தில் கலந்தால் கார்டெக்சலோன் என்ற வீரியம் குறைந்த பொருளாக உடைந்துவிடும். அதனால்தான் மாத்திரை எடுக்க முடியாத பையன்களும் பொண்ணுகளும் இதைப் பூசலாம் என்ற நிலை வந்தது.

சோதனையில் என்ன செய்தார்கள்?

அனுமதிக்கு அடிப்படையாக இருந்தவை ஒரே மாதிரி நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள். அமெரிக்காவிலும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலுமாக மொத்தம் 1,440 பேர். எல்லோருக்கும் நடுத்தரம் முதல் கடுமையான பரு.

இவர்களை ஏறத்தாழ சரிபாதியாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து கலந்த கிரீம். இன்னொரு குழுவுக்கு அதே நிறம், அதே பதம், ஆனால் மருந்து இல்லாத வெறும் கிரீம். யார் கையில் எது இருக்கிறது என்று பூசுபவருக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. தினமும் காலை, மாலை என இரண்டு வேளை, 12 வாரம்.

வெறும் கிரீம் எதற்கு? பரு தானாகவே ஏறும், இறங்கும். தினம் முகம் கழுவி ஒழுங்காகப் பராமரித்தாலே கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை மருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

'வெற்றி' என்பதற்கும் கண்டிப்பான அளவுகோல் வைத்தார்கள். சும்மா 'கொஞ்சம் பரவாயில்ல' என்றால் போதாது. முகம் முழுத் தெளிவாகவோ, கிட்டத்தட்டத் தெளிவாகவோ ஆகியிருக்க வேண்டும். அதோடு பருவின் கடுமை குறைந்தது இரண்டு படி இறங்கியிருக்க வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

முதல் ஆய்வில் மருந்து பூசியவர்களில் 18.4 சதவீதம் பேர் இந்த அளவுகோலைத் தொட்டார்கள். வெறும் கிரீம் பூசியவர்களில் 9 சதவீதம். இரண்டாவது ஆய்வில் 20.3 சதவீதம், எதிரில் 6.5 சதவீதம்.

இதைச் சாதாரணக் கணக்கில் பார்ப்போம். 100 பேர் மூன்று மாதம் பூசினால், சுமார் 18 முதல் 20 பேருக்கு முகம் கிட்டத்தட்டத் தெளிவாகிறது. அதில் 7 முதல் 9 பேர், மருந்தே இல்லாத கிரீமிலும் தேறியிருப்பார்கள். மருந்தால் கூடுதலாகக் கிடைத்தது 9 முதல் 14 பேர். மீதம் 80 பேருக்குப் பரு குறைந்திருக்கலாம், ஆனால் முகம் தெளியவில்லை.

இது மோசமான மருந்து என்று அர்த்தம் இல்லை. பலன் உண்மையானது. அதே நேரம் 'ஹார்மோனையே நிறுத்திடும்' என்ற விளம்பரப் பேச்சுக்கும் இந்த எண்ணுக்கும் ரொம்ப தூரம். ஒரு வாரத்தில் முகம் பளிச் என்று ஆகாததைப் பார்த்துத் தூக்கிப் போட்டால் காசும் வீண், மருந்தும் வீண். 12 வாரம் என்பது சோதனையிலேயே இருந்த கணக்கு.

நம் ஊர் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, இந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோல் உள்ளவர்கள். இரண்டு, அங்கே எண்ணியது பருக்களை. நம் தோலில் பரு போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புத் தழும்பை அந்த அளவுகோல் அளக்கவில்லை. பலருக்கு உண்மையான கவலையே அந்தத் தழும்புதான்.

'ரத்தத்தில் கலக்காது' என்பது உண்மையா?

'குறைவாகக் கலக்கும்' என்பதுதான் சரி. 'கலக்கவே கலக்காது' என்பது தவறு.

வழக்கத்தைவிட அதிக அளவில் 14 நாள் பூச வைத்து இதைத் தனியாகச் சோதித்தார்கள். பெரியவர்கள் 20 பேரில் ஒருவருக்கும், வளரிளம் பருவத்தினர் 22 பேரில் 2 பேருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை தற்காலிகமாக மந்தமானது தெரிந்தது. மருந்தை நிறுத்திய நான்கு வாரத்தில் எல்லோருக்கும் பழைய நிலை திரும்பியது. சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் அளவு கூடியதும் பதிவாகியிருக்கிறது. சாதாரணமாகப் பலர் சொன்ன தொந்தரவு, பூசிய இடத்தில் சிவப்பு, அரிப்பு, தோல் உரிதல்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம்: சொன்ன அளவுக்கு மேல் பூசக் கூடாது. ஒரு வேளைக்கு முகம் முழுவதற்கும் சுமார் ஒரு கிராம்தான் கணக்கு. 'நிறைய பூசினா சீக்கிரம் போயிடும்' என்பது இந்த மருந்துக்குப் பொருந்தாது. வெட்டுக்காயம், புண், வெயிலில் வெந்த தோல் மேல் பூசவே கூடாது.

இன்னொன்று, கடற்கரை ஊர்க்காரர்களுக்கு முக்கியமானது. கைக்கு வரும் வரை இந்த கிரீமைக் குளிரூட்டி, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். திறந்த பிறகு ஒரு மாதம்தான் ஆயுள். யாரோ வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த டியூப், வெயிலில் கிடந்து கூரியரில் வந்த டியூப், இதெல்லாம் நம்பத் தகுந்தது இல்லை.

முடிக்கு வரும் ஸ்பிரே கதை என்ன?

வழுக்கைக்கு ஃபினாஸ்டெரைடு என்ற மாத்திரை 1997 முதல் அமெரிக்காவில் அனுமதியோடு விற்கிறது. இது ஏற்பியை அடைப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் டி.எச்.டி.யாக மாறுவதையே தடுக்கிறது. பாலியல் பக்கவிளைவுக்குப் பயந்து பலர் மாத்திரையைத் தவிர்க்க, அதையே தலையில் அடிக்கும் ஸ்பிரேயாகச் செய்து 458 ஆண்களிடம் 24 வாரம் சோதித்தார்கள். முடிவு 2021-ல் வந்தது.

ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் சராசரியாக 20 முடி கூடியது. மருந்தில்லாத ஸ்பிரேயில் 7 முடி. நல்ல சேதிதான். ஆனால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது வேறு. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் டி.எச்.டி. சுமார் 56 சதவீதம் குறைந்தது. ஸ்பிரே அடித்தவர்களுக்கு அது சுமார் 35 சதவீதம் குறைந்தது. தலையில் அடித்தது தலையோடு நிற்கவில்லை. ஹாம்ஸ்டரின் 'பூசாத பக்கம்' சொன்ன அதே பாடம்தான் இது.

2025 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே ஆன்லைனில் ஆர்டரின் பேரில் கலந்து விற்கப்படும் ஃபினாஸ்டெரைடு தைலங்களால் 2019 முதல் 2024 வரை 32 பக்கவிளைவுப் புகார்கள் வந்திருக்கின்றன. ஆண்மைக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் வரை அதில் உண்டு. மருந்து காயாத தலை, தலையணை, கை வழியாக வீட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கும் ஒட்டலாம் என்பதையும் அது சொன்னது.

கிளாஸ்கோடெரோனையே 5 சதவீதக் கரைசலாக்கி வழுக்கைக்கும் சோதித்திருக்கிறார்கள். 2025 டிசம்பரில் தயாரிப்பு நிறுவனம், ஒரு ஆய்வில் வெறும் கரைசலோடு ஒப்பிட 539 சதவீத முன்னேற்றம், இன்னொன்றில் 168 சதவீதம் என்று அறிவித்தது. 539 சதவீதம் என்றதும் தலை நிறைய முடி என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒப்பீட்டுக் கணக்கு. எதிர்க்குழுவில் ஒரே ஒரு முடி கூடி, மருந்துக் குழுவில் ஆறு முடி கூடினாலும் 500 சதவீதம்தான். எத்தனை முடி கூடியது என்று கேட்க வேண்டும், எத்தனை சதவீதம் என்று அல்ல.

ஸ்டீராய்டு கிரீமும் இதுவும் ஒன்றா?

இல்லவே இல்லை. குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான்.

பருவுக்கு, கறுப்புக்கு, 'வெள்ளையாக' என்று கேட்பவர்களுக்குக் கடைகளில் கைமாறும் பல கிரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய சில நாளில் முகம் பளபளக்கும். நிறுத்தினால் எரியும், சிவக்கும். தொடர்ந்தால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், முகத்தில் முடி முளைக்கும், பருவே கூடுதலாக வரும். இந்தியாவில் 12 மருத்துவ மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் 433 பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர், இப்படி ஸ்டீராய்டு பூசியவர்கள். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

'ஹார்மோன் கிரீம்' என்று கேட்டு ஸ்டீராய்டு கிரீமை வாங்கிவந்தால், பருவைத் தடுக்கப் போய் பருவை வளர்த்த கதையாகிவிடும். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்க வேண்டாம்.

'சோதனைக்கு வாங்க' என்று கூப்பிட்டால்?

புதிய தோல் மருந்துகளின் சோதனை இந்தியாவிலும் நடக்கிறது. அதில் சேர்வது தப்பில்லை. ஆனால் தெரிந்துகொண்டு சேர வேண்டும். 2009 ஜூன் முதல் எந்த மருந்துச் சோதனையும் சி.டி.ஆர்.ஐ. எனும் தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு எண் கேளுங்கள்.

2019-ம் ஆண்டு விதிகளின்படி, சோதனை பற்றி உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் இல்லாமல் 'சும்மா ஒரு சாம்பிள் டியூப்' என்று கொடுத்தால் அது சோதனை அல்ல.

என்ன செய்யலாம்? சுருக்கமாக

சாதாரணப் பருவுக்கு முதல் மருந்து இது அல்ல. பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் போன்ற விலை குறைந்த, நெடுநாள் பழகிய கிரீம்கள் இருக்கின்றன. அவை சரிவராதபோதுதான் அடுத்த பேச்சு.

பரங்கிப்பேட்டை பக்கத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பழைய பெயரில் ராஜா முத்தையா ஆஸ்பத்திரி, ஒரு பஸ் தூரம்தான். புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் பிரிவு உண்டு.

பெண் பிள்ளைகளுக்குப் பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி, உடல் எடை கூடுவது சேர்ந்திருந்தால் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை எந்த கிரீமும் சரிசெய்யாது.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள் ஹார்மோனைத் தடுக்கும் எந்த மருந்தையும் டாக்டரிடம் சொல்லாமல் தொட வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தலைக்கு ஸ்பிரே அடிக்கும் ஆண்களும் கையைக் கழுவி, மருந்து காய்ந்த பிறகே படுக்க வேண்டும்.

மருந்தால் பாதிப்பு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசிய எண் இது. 1,440 பேரிடம் 12 வாரத்தில் தெரியாத ஒரு விஷயம், லட்சம் பேர் பூசும்போதுதான் தெரியவரும். அப்போது நீங்கள் செய்யும் அந்த ஒரு போன்கூட சோதனையின் ஒரு பகுதிதான்.